பாடநூலும் ஆய்வுக் கட்டுரையும் கட்டணமின்றி: வாசகர் கேள்வி பதில்

பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் இணையத்தில் செலவில்லாமல், சட்டப்படி எடுத்துப் படிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: புத்தகத்தின் பெயரோடு ‘ஃப்ரீ பிடிஎஃப்’ என்று சேர்த்துத் தேடினால் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, ஒன்றும் இறங்குவதில்லை. பட்டப்படிப்பு முதலாண்டு இயற்பியல், வேதியியல், பொருளியலுக்கு எங்கே ஆரம்பிப்பது?

ப: அந்த இரண்டு சொற்களை முதலில் கைவிடுங்கள். அப்படித் தேடி வருவோரை வளைத்துப் பிடிக்கவே பல தளங்கள் இருக்கின்றன. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் ‘இருக்கிறது’ என்பார்கள். நாலு பட்டன் அழுத்திய பிறகு கார்டு எண் கேட்பார்கள், அல்லது 900 பக்கப் புத்தகம் என்று சொல்லி 2 எம்.பி. அளவில் ஒரு ‘.இஎக்ஸ்இ’ கோப்பை இறக்கிவிடுவார்கள். படங்கள் நிறைந்த பாடநூல் பல பத்து எம்.பி. இருக்கும். இறங்கியது பி.டி.எஃப். அல்லாத வேறொன்று என்றால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் மூன்று பாடத்துக்கும் முதல் இடம் ஓப்பன்ஸ்டாக்ஸ். ரைஸ் பல்கலைக்கழகம் நடத்துவது. 2012 முதல் பாடநூல்களை வெளியிடுகிறது. பதிவு செய்யாமலே பி.டி.எஃப். எடுக்கலாம், பிரவுசரிலும் படிக்கலாம். பல்கலைக்கழக இயற்பியல் 3 தொகுதிகளாக இருக்கிறது. வேதியியலும் பொருளியலும் உண்டு. அங்கே போதாவிட்டால் லிப்ரெடெக்ஸ்ட்ஸ். 2008-இல் வேதியியலுக்கான விக்கியாகத் தொடங்கியதால் வேதியியலில் அதன் ஆழம் தனி. ஒரே தலைப்பை மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாக எழுதியிருப்பதையும் அங்கே பார்க்கலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரியில் ஒவ்வொரு நூலுக்கும் கீழே பேராசிரியர்கள் எழுதிய மதிப்புரை இருக்கும். எந்த அத்தியாயம் வலு, எது மெலிவு என்று அதிலேயே தெரிந்துவிடும். பலர் அதைப் பார்க்காமலே டவுன்லோடு பட்டனுக்குப் போய்விடுகிறார்கள்.

தேடும் முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். நூலின் பெயரை வைத்துத் தேடாமல் உங்கள் பாடத்திட்டத்தின் தலைப்புகளை வைத்துப் பொருளடக்கத்தோடு ஒப்பிடுங்கள். 12 தலைப்பில் 9 ஒரு நூலில் பொருந்தினால் அதை முதல் நூலாக வைத்துக்கொண்டு, மீதி 3-ஐ மட்டும் வேறு நூலிலிருந்து எடுங்கள். எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தேடலே செமஸ்டரை விழுங்கிவிடும்.

கே: எங்கள் பேராசிரியர் குறிப்பிட்ட ஒரு பதிப்பகத்தின் நூலைத்தான், அதுவும் எட்டாம் பதிப்பைத்தான் படிக்கச் சொல்கிறார். அது இலவசமாக எங்கே கிடைக்கும்?

ப: விற்பனையில் இருக்கும் நூல் முழுசாக, சட்டப்படி, இலவசமாகக் கிடைப்பது அபூர்வம். அதைத் தேடி நாள்களை வீணாக்க வேண்டாம். செய்யக்கூடியது இரண்டு.

ஒன்று, பழைய பதிப்பு. நூலகத்தில் ஆறாம், ஏழாம் பதிப்புகள் தூசி படிந்து கிடக்கும். அடிப்படைப் பாடநூலில் விளக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாறுவது பயிற்சிக் கணக்குகளின் வரிசையும் எண்களும்தான். எனவே விளக்கத்தைப் பழைய பதிப்பில் படித்துவிட்டு, வீட்டுப்பாடக் கணக்குகளை மட்டும் நண்பரின் புதிய பதிப்போடு சரிபாருங்கள். எண்ணை நம்பிக் கணக்குப் போட்டால் தவறான கணக்குக்குச் சரியான விடை எழுதிக்கொண்டிருப்பீர்கள். சட்டம், வரி, மருந்து அளவு போன்ற பாடங்களுக்கு இந்த யோசனை ஆகாது. அங்கே பழைய பதிப்பு தவறாகவே சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டு, இரவல். இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசக் கணக்குத் தொடங்கினால் ஸ்கேன் செய்த நூல்களை ஒரு மணி நேரத்துக்கு இரவல் எடுக்கலாம்; வேறு யாரும் எடுக்காவிட்டால் மறுபடி எடுக்கலாம். முன்பு எடுத்த நூல் இப்போது இல்லையே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கில் 2023-இல் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது; 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அதன் விளைவாகச் சுமார் 5 லட்சம் நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன.

பல்கலைக்கழக நூலகங்களின் ஸ்கேன் நூல்கள் சேர்ந்த ஹாத்தி டிரஸ்ட் தளத்தில் ‘தேட மட்டும்’ என்று காட்டும் நூல்களைப் பார்த்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். நீங்கள் தேடும் சொல் எந்தப் பக்கத்தில், எத்தனை முறை வருகிறது என்று அது சொல்லும். 214–219 என்று பக்கம் தெரிந்துவிட்டால், நூலகரிடம் அந்த ஆறு பக்கத்தை மட்டும் வருவித்துத் தரக் கேட்கலாம். முழு நூலை வருவிப்பதைவிட அது எளிது.

கே: ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் சுருக்கத்தோடு நின்று பணம் கேட்கிறது. அதற்குமேல் வழி உண்டா?

ப: நிறையவே உண்டு. பணம் கேட்பது அந்தப் பதிப்பகத்தின் பக்கம் மட்டும்தான். அதே கட்டுரையின் இன்னொரு பிரதி ஆசிரியரின் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்திலோ, இதழுக்கு அனுப்புமுன்பே கட்டுரையை வெளியிடும் முன்பதிப்புத் தளத்திலோ, பதிப்பகத்தின் அனுமதியோடே இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் சாவி, கட்டுரையின் டி.ஓ.ஐ. எண். சுருக்கத்துக்கு அருகில் ‘10.’ என்று தொடங்கி, நடுவில் ஒரு சாய்கோடு வைத்து நீளும் குறியீடுதான் அது. தலைப்பு பல கட்டுரைகளுக்கு ஒன்றுபோல் இருக்கலாம். இந்த எண் ஒரு கட்டுரைக்கு ஒன்றுதான். நகலெடுக்கும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் முற்றுப்புள்ளியை நீக்குங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று வருவதற்கு அந்த ஒரு புள்ளி போதும்.

பிரவுசரில் அன்பேவால் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் வலது ஓரத்தில் ஒரு பூட்டுச் சின்னம் வரும். பச்சை என்றால் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது, அழுத்தினால் அங்கே கொண்டுபோகும். சாம்பல் நிறம் என்றால் அதற்குத் தெரிந்து இல்லை. அதோடு நிறுத்த வேண்டாம். கூகுள் ஸ்காலரில் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வலப்பக்கம் பி.டி.எஃப். இணைப்பு இல்லாவிட்டாலும், கீழே சிறிய எழுத்தில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ள முகவரிதான் பெரும்பாலும் பலன் தரும்.

இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் நேராக ஆர்க்கைவ் போங்கள். 1991 முதல் இருக்கும் முன்பதிப்புத் தளம் இது. ஆங்கிலத்தில் நடுவே ஒரு ‘எக்ஸ்’ போட்டு எழுதுவார்கள். மேலே சொன்ன இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு, இது வேறு. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரல். பப்மெட் என்பது பட்டியல், சுருக்கம் வரைதான். ‘சென்ட்ரல்’ என்று வால் இருப்பதில்தான் முழுக் கட்டுரை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘பப்மெட்டில் இல்லை’ என்று திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். மானுடவியல், வரலாறு, இலக்கியம் என்றால் ஜேஸ்டோரில் இலவசத் தனிநபர் கணக்கு தொடங்குங்கள். 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், டவுன்லோடு கிடையாது.

எதிலும் கிடைக்கவில்லை, ஆனால் கட்டுரை புதிது என்றால் காலக்கெடு முடியாமல் இருக்கலாம். பல இதழ்கள் வெளியான 6, 12 அல்லது 24 மாதம் கழித்துத்தான் களஞ்சியப் பிரதியைத் திறக்க விடுகின்றன. களஞ்சியப் பக்கத்தில் திறக்கும் தேதி போட்டிருக்கும், குறித்து வையுங்கள்.

கே: அப்படி எடுத்த பிரதியில் பக்க எண்ணே இல்லை. வரிகளுக்கு இடையில் பெரிய இடைவெளி, படங்கள் எல்லாம் கடைசியில். இது போலியா?

ப: போலியாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஆசிரியர் தட்டச்சு செய்த மூலப்பிரதி. அதில் இரண்டு வகை உண்டு. இதழுக்கு அனுப்புமுன் வெளியிட்டது முன்பதிப்பு. அதை நடுவர்கள், அதாவது இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் அதே துறை அறிஞர்கள், பார்த்திருக்க மாட்டார்கள். நடுவர்கள் பார்த்துத் திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு, அச்சுக் கோப்பதற்கு முந்தையது ‘ஏற்கப்பட்ட பிரதி’. பின்னதன் உள்ளடக்கம் இதழில் வந்ததோடு பெரும்பாலும் ஒன்றுதான். எந்த வகை என்பது முதல் பக்க மேல் ஓரத்திலோ களஞ்சியப் பக்கத்திலோ எழுதியிருக்கும்.

முன்பதிப்பாக இருந்தால் எத்தனையாவது திருத்தம் என்று பாருங்கள். ஆர்க்கைவில் எண்ணின் முடிவில் வி1, வி2 என்று இருக்கும். முதல் திருத்தத்தில் இருந்த அட்டவணை மூன்றாவதில் மாறியிருக்கலாம். மேற்கோள் காட்டும்போது எதைப் படித்தீர்களோ அதைச் சொல்லுங்கள். இதழின் டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்து, பக்க எண்ணுக்குப் பதில் பகுதித் தலைப்பையோ பத்தி எண்ணையோ குறிப்பிட்டு, ‘ஏற்கப்பட்ட பிரதி’ என்று சேர்த்தால் போதும். படிக்காத அச்சுப் பிரதியின் பக்க எண்ணை ஊகித்துப் போடுவதுதான் மாட்டிக்கொள்ளும் வேலை.

கே: கட்டுரை ஆசிரியருக்கே எழுதிக் கேட்கலாமா? தவறாக நினைக்க மாட்டார்களா?

ப: தாராளமாகக் கேட்கலாம். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆசிரியர்கள் பலர் இருந்தால் ‘தொடர்புக்கான ஆசிரியர்’ என்று உறைக் குறியிட்டவருக்கு எழுதுங்கள். சுருக்கப் பக்கத்திலேயே அவருடைய மின்னஞ்சல் இருக்கும். அது பழைய நிறுவன முகவரியாக இருந்து திரும்பி வந்தால், அவர் இப்போது இருக்கும் துறையின் பக்கத்தில் பாருங்கள்.

கடிதம் நீளக் கூடாது. இவ்வளவு போதும்: ‘வணக்கம். நான் வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. வினையூக்கிகள் பற்றிய என் திட்டக் கட்டுரைக்குத் தங்களுடைய இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியிருக்கிறது (தலைப்பு, ஆண்டு, டி.ஓ.ஐ. எண்). எங்கள் நூலகத்தில் இந்த இதழ் இல்லை. ஒரு பிரதி அனுப்ப இயலுமா? நன்றி.’ இதை ஆங்கிலத்தில் அனுப்புங்கள். ‘உங்கள் எல்லாக் கட்டுரைகளையும் அனுப்புங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் வராது.

கே: திறந்த உரிமத்தில் உள்ள ஒரு பாடநூலின் இரண்டு அத்தியாயங்களைத் தமிழில் மொழிபெயர்த்து, அச்செடுத்து மாணவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். அனுமதி வாங்க வேண்டுமா?

ப: உரிமத்தைப் பொறுத்தது. ‘இலவசமாகப் படிக்கலாம்’ என்பது வேறு, ‘எடுத்துப் பயன்படுத்தலாம்’ என்பது வேறு. பக்கத்தில் உரிமம் எதுவும் எழுதாமல் சும்மா திறந்து கிடந்தால், படிக்க மட்டும்தான் உங்களுக்கு உரிமை. பதிப்பகம் நாளையே அதைப் பூட்டவும் செய்யலாம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லும் பொது உரிமம்) என்றால் நான்கு குறிகளைப் பாருங்கள். ‘பிஒய்’: மூலத்தைக் குறிப்பிட வேண்டும். ‘என்சி’: வணிக நோக்கம் கூடாது. ‘எஸ்ஏ’: நீங்கள் மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும். ‘என்டி’: மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது. உங்கள் கேள்விக்கு முக்கியமானது கடைசிக் குறிதான். மொழிபெயர்ப்பும் மாற்றிய வடிவம் என்றே கணக்கு. எனவே ‘என்டி’ இருந்தால் மொழிபெயர்த்து நீங்களே வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். ஒரே தளத்தின் நூல்கள் எல்லாம் ஒரே உரிமம் என்றும் நினைக்காதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸின் பல்கலைக்கழக இயற்பியல் ‘பிஒய்’ மட்டும். அதே தளத்தின் நுண்கணிதம் ‘பிஒய்-என்சி-எஸ்ஏ’.

‘என்சி’ உள்ள நூலைக் காசு வாங்கும் நகலகத்தில் அச்செடுக்கலாமா என்ற சந்தேகம் வரும். பள்ளிகளுக்காக இத்தகைய பாடப்பொருளை நகலெடுத்துக் கொடுத்த நகலகம் மீறல் செய்யவில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2018-இல் தீர்ப்பளித்தது. அச்சுக்கூலிக்கு மேல் நீங்கள் லாபம் வைக்காதவரை பிரச்சினை வருவது அரிது.

பலரும் கோட்டைவிடுவது படங்களில். நூல் முழுக்கத் திறந்த உரிமமாக இருந்தாலும் ஒரு புகைப்படமோ வரைபடமோ வேறு ஒருவரிடம் அனுமதி பெற்றுச் சேர்த்ததாக இருக்கலாம். படத்தின் அடியில் உள்ள சிறிய வரியைப் படியுங்கள். ‘அனுமதியுடன்’ என்று இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் வரைந்துகொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், எடுத்த முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், ‘தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும்.

கே: தமிழ் பி.டி.எஃப். நூல்களில் ஒரு சொல்லைத் தேடினால் வருவதே இல்லை. கண் முன்னால் அந்தச் சொல் இருக்கிறது!

ப: மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாமல் பக்கம் முழுக்க ஒரு கட்டமாக நீலமானால், அது வெறும் ஸ்கேன் படம். எழுத்து தேர்வாகி, ஒட்டியபோது ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் கோத்தது. தமிழாகவே வந்து, ஆனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு மட்டும் இடம் மாறித் தனியாக நின்றால் மூன்றாவது வகை. கொம்பு கண்ணுக்கு எழுத்தின் இடப்பக்கம் தெரிகிறது. யூனிகோடிலோ எழுத்துக்குப் பிறகுதான் சேமிக்கப்படும். சில மென்பொருள்கள் பி.டி.எஃப். ஆக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்துவிடுகின்றன. அதனால் ‘அணு’ கிடைக்கும், ‘சோதனை’ கிடைக்காது. இந்த வகைக்கு உடனடி மருந்து, கொம்பு இல்லாத சொல்லாகத் தேடுவது. ‘விசை’ வராவிட்டால் அதே பத்தியில் வரக்கூடிய ‘முடுக்கம்’ என்று தேடுங்கள்.

பழைய எழுத்துரு என்றால் கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதை யூனிகோடாக்கும் மாற்றியில் போடுங்கள். பெயர் தெரியாமல் மாற்றியில் போட்டால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும்.

ஸ்கேன் படத்துக்கு எழுத்துணரி (படத்தில் உள்ளதைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள்) வேண்டும். சில பக்கம்தான் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். கோப்பு 2 எம்.பி.-க்குள் இருக்கட்டும், பக்கம் நேராக நிற்கட்டும். முழு நூல் என்றால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து மொழியாகக் குறிப்பிடுங்கள். தமிழை மட்டும் கொடுத்தால் நடுவில் வரும் சமன்பாடும் ஆங்கிலச் சொல்லும் உருத்தெரியாமல் போகும். நீங்களே ஸ்கேன் செய்வதானால் 300 டி.பி.ஐ.-க்குக் குறையக் கூடாது. பிறகு காலும் ‘ர’வும், ‘ண’வும் ‘ன’வும் குழம்பியிருக்கிறதா என்று பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலில் பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்களில் இன்னும் அதிகம் சறுக்கும்.

கே: இணைய இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. ஒரேயடியாக இறக்கி வைத்துப் படிக்க வழி?

ப: கிவிக்ஸ். இலவசச் செயலி, ‘ஜிம்’ என்ற வகைக் கோப்புகளைத் திறக்கும். விக்கிப்பீடியா, குட்டன்பர்க் நூல்கள், லிப்ரெடெக்ஸ்ட்ஸ் எல்லாம் அந்த வடிவில் கிடைக்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியா படங்களுடன் 100 ஜி.பி.-யைத் தாண்டும் என்பதால் பாடவாரியான சிறு தொகுப்பை எடுங்கள். 4 ஜி.பி.-க்கு மேற்பட்ட கோப்பை மெமரி கார்டில் போடும்போது ‘இடமில்லை’ என்று வந்தால், கார்டு எஃப்.ஏ.டி.32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது என்று பொருள். எக்ஸ்எஃப்.ஏ.டி.-க்கு மாற்றினால் ஏறும்; மாற்றும்போது கார்டில் உள்ளவை அழிந்துபோகும் என்பதால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: சை-ஹப் போன்ற தளங்களில் எல்லாமே கிடைக்கிறதே, இவ்வளவு சுற்றுவானேன்?

ப: பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் இயங்குபவை அவை. பல நாடுகளில் வழக்கும் தடையும் உண்டு. அதோடு, அவற்றின் பெயரில் இயங்கும் போலிப் பிரதித் தளங்கள் அநேகம். கல்லூரிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் தளத்தில் கொடுத்துவிட்டால் உங்கள் நூலகத்துக்கே தலைவலி. மேலே சொன்ன வழிகளை ஒழுங்காகப் பார்த்தால் அந்தப் பக்கம் போகும் தேவை பெருமளவு குறையும்.

கே: இலவச இதழ் என்றாலே தரம் குறைவு என்கிறார்களே?

ப: இல்லை. யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் மாறுகிறது. நடுவர் முறை இருக்கிறதா என்பதே தரத்தின் கேள்வி. டி.ஓ.ஏ.ஜே. என்ற பட்டியல் 2003 முதல் திறந்த இதழ்களைச் சோதித்துச் சேர்க்கிறது; அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டண இதழோ இலவச இதழோ, கட்டுரையில் பிழையோ மோசடியோ தெரிந்து இதழ் அதைத் திரும்பப் பெற்றதா என்று பார்ப்பது அதைவிட அவசியம். பழைய பி.டி.எஃப். பிரதி உங்களிடம் இருந்தால் அதில் அந்த எச்சரிக்கை இருக்காது. ஜோட்டெரோ என்ற இலவச மேற்கோள் மென்பொருளில் கட்டுரையைச் சேர்த்தால், திரும்பப் பெற்றதற்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

கே: திறந்த பாடநூலில் பயிற்சிகளுக்கு விடை பாதிதான் இருக்கிறது. மீதி எங்கே?

ப: ஓப்பன்ஸ்டாக்ஸின் கணித நூல்களில் பெரும்பாலும் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கே விடை இருக்கும். முழு விடைத்தொகுப்பு, பாடம் நடத்தும் ஆசிரியர் என்று சரிபார்க்கப்பட்டவரின் பயனர் கணக்குக்கு மட்டும் திறக்கும். வீட்டுப்பாடம் கொடுக்க இரட்டைப்படைக் கணக்குகள் வேண்டும் அல்லவா? 37-ஐப் போட்டுச் சரிபார்த்துவிட்டு 38-க்குப் போங்கள். அடுத்தடுத்த கணக்குகள் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கும். அச்சிட்ட விடையே தவறு என்று பட்டால் முதலில் நூலின் பிழைத்திருத்தப் பட்டியலைப் பாருங்கள். பிரவுசரில் திருத்தியிருப்பார்கள், நீங்கள் போன வருடம் இறக்கிய பி.டி.எஃப்.-இல் பழைய விடை அப்படியே இருக்கும்.